புதிய அணியில் மூத்த வீரர்: மட்டக்களப்புக் கூடைப்பந்தாட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு நிறுவன அணிகள் மோதும் மெர்க்கன்டைல் சுற்றுப்போட்டிகளில் ஆடியவர் இடமாற்றம் பெற்று ஊருக்கு வருகிறார். வயது 34 அல்லது 35. பாடசாலைக் காலத்தில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சேர விரும்பும் கழகத்திலோ பெரும்பாலானோர் உயர்தரப் பரீட்சை எழுதி ஓரிரு ஆண்டே ஆன பையன்கள். மட்டக்களப்பில் இது புதிய கதை இல்லை. ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான் எழுகின்றன: பயிற்றுநருக்கு ஒரு கவலை, அணித்தலைவருக்கு ஒரு கவலை, மகனின் இடம் போய்விடுமோ என்று மைதான ஓரத்தில் நிற்கும் தந்தைக்கு இன்னொரு கவலை. வருகிறவருக்கும் கவலை உண்டு. அவர் வாய் திறந்து சொல்வதில்லை.

கீழே உள்ள பதில்களில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். மூத்த வீரரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அவரிடமிருந்து எந்த நிமிடங்கள் வேண்டும் என்று தெரியாமல் சேர்ப்பதானால், சேர்க்காமல் விடுவதே மேல்.

மூத்த வீரர் என்று எந்த வயதிலிருந்து சொல்லலாம்?

வயதைவிட முழங்காலைக் கேட்பது நல்லது. பொதுவாக 32, 33ஐத் தாண்டியவரை அப்படிச் சொல்கிறோம். ஆனால் பதினைந்து வயதிலிருந்து ஆண்டு முழுவதும் சீமெந்துத் தரையில் ஆடியவர் 29 வயதிலேயே மூத்தவராகிவிடலாம். பத்து ஆண்டு வெளிநாட்டில் இருந்து, இடையில் அதிகம் ஆடாமல் வந்தவரின் மூட்டு 36லும் நன்றாக இருக்கலாம். அவருக்கு மூச்சுத்தான் இருக்காது.

வேகம் போன பிறகு அவரிடம் என்ன மிஞ்சும்?

எது போகிறது என்பதை முதலில் பார்ப்போம். நேராக ஓடும் வேகம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் ஆட்டத்தைப் பாதிக்கும்படி முதலில் குறைவது பக்கவாட்டு அசைவு. எதிராளி இடப்பக்கம் போகப்போவது தெரிந்துவிடும். கால் அரைக் கணம் தாமதமாக வரும். அடுத்தது இரண்டாம் எழும்பல். தவறி வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, அதாவது ரிபவுண்டுக்கு, ஒருமுறை எழுந்து, பந்து கையிலிருந்து தட்டுப்பட்டுப் போனால் இளையவர் நிலத்தைத் தொட்டதும் மறுபடி எழுகிறார். மூத்தவர் முழங்காலை மடித்து, ஆயத்தமாகி, பிறகு எழுகிறார். அதற்குள் பந்து வேறொருவர் கையில். மூன்றாவதாகக் குறைவது மீளும் வேகம். சனிக்கிழமை நன்றாக ஆடியவர் ஞாயிறு காலையில் படியிறங்கவே கைப்பிடியைத் தேடுவார்.

மிஞ்சுவது எறியும் கை. வளையத்தின் உயரம் 3.05 மீற்றர்; அந்த உயரமும் தண்ட எறிகைக் கோட்டின் தூரமும் வயதோடு மாறுவதில்லை. நல்ல எறிகை உத்தி நாற்பதிலும் கைகொடுக்கும். ஆனால் புதிய அணிக்கு அவர் கொண்டுவரும் பெரிய சொத்து கண்ணும் வாயும். ஒரு கால்பகுதியில் அணியின் நான்கு ஃபவுல் முடிந்துவிட்டது, ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு தண்ட எறிகைகள் என்பதை நம் பையன்களில் எத்தனை பேர் மனத்தில் வைத்து ஆடுகிறார்கள்? பந்தை எறிவதற்கான 24 விநாடிக் கடிகாரத்தில் இன்னும் 17 விநாடி இருக்கும்போதே, கையில் பந்து வந்த மகிழ்ச்சியில் எறிந்துவிடுகிறார்கள். மூன்று புள்ளி முன்னிலையில் கடைசி ஒரு நிமிடம் என்றால் அவசரப்படாமல் கடிகாரத்தைத் தின்ன வேண்டும். இதைப் பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினால் காதில் விழாது. உள்ளே நிற்கிற ஒருவர் சொன்னால் விழும்.

தடுப்பாட்டத்திலும் அப்படியே. பின்னால் ஸ்கிரீன் வருகிறது, அதாவது எதிராளி ஒருவர் வழியை மறித்து நிற்க வருகிறார் என்று எச்சரிக்கும் குரல் இல்லாத அணி பாதி ஆட்டத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறது. இளைய அணிகளின் பெரிய குறை என்னவென்று கேட்டால் மௌனம் என்றுதான் சொல்வேன்.

தொடக்க ஐவரில் அவரை இறக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதைச் சொன்னதும் முகம் சுருங்குவது வீரருக்கு மட்டும் இல்லை; அவரைப் பார்க்க வந்த நண்பர்களுக்கும்தான். “அவரையா இருத்தி வைத்தார்கள்?” என்பது நம் ஊரில் ஒரு வாரப் பேச்சு.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யில் இதற்கு எதிரும் புதிருமாக இரண்டு கதைகள் உண்டு. அந்திரே இகுவோடாலா 2014 வரை தான் ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இருந்தவர். கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணிக்குப் பயிற்றுநராக வந்த ஸ்டீவ் கேர் அவரை மாற்று வீரர் இருக்கைக்கு அனுப்பினார். 2014-15 பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூட இகுவோடாலா தொடங்கவில்லை. இறுதித் தொடரில் அணி 1-2 எனப் பின்தங்கியபோது நான்காம் ஆட்டத்தில் அவரைத் தொடக்க ஐவரில் இறக்கினார்கள். வோரியர்ஸ் அடுத்த மூன்றையும் வென்றது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது இகுவோடாலாவுக்குப் போனது.

அலன் ஐவர்சன் 2001இல் என்.பி.ஏ.யின் மிகப் பெறுமதிமிக்க வீரர். 2009இல் மெம்பிஸ் கிறிஸ்லிஸ் அணியில் சேர்ந்தார். இருக்கையிலிருந்து எழுந்து வரும் வேடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றே ஆட்டங்களில் அந்த உறவு முறிந்தது. திறமையில் யார் கூட, யார் குறைய என்று இங்கே பேச இடமில்லை. இகுவோடாலாவுக்கு முதல் ஆட்டத்துக்கு முன்பே தன் வேலை என்னவென்று தெரியும். ஐவர்சனும் அணியும் இரண்டு வேறு வேலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு கைகொடுத்துக்கொண்டார்கள்.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. முதல் ஐந்து நிமிடம் இரண்டு அணியும் புதுத் தெம்போடு ஓடும். அந்த ஓட்டத்தில் மூத்தவரைச் செலவழிப்பது வீண். இரண்டாம் கால்பகுதியில் எதிரணியின் இரண்டாம் வரிசை ஆடும்போது இறக்குங்கள். கடைசி நான்கு நிமிடத்துக்கு மறுபடி இறக்குங்கள். ஆட்டத்தை யார் தொடங்கினார்கள் என்பது தாளில் இருக்கும். யார் முடித்தார்கள் என்பதுதான் ஊருக்கு நினைவிருக்கும்.

எத்தனை நிமிடம் கொடுக்கலாம்?

சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், பத்துப் பத்தாக நான்கு கால்பகுதிகள். 35ஐத் தாண்டியவருக்கு 14 முதல் 18 நிமிடம் என்று தொடங்குவேன். இது என் கணக்கு, விதி இல்லை. ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நம் சுற்றுப்போட்டிகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று அமைதியாக நடப்பதில்லை. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரும். அப்படியானால் முதல் ஆட்டத்தில் அவரைத் தேவையில்லாமல் இறக்காதீர்கள். வெல்லக்கூடிய ஆட்டத்தில் 20 நிமிடம் ஓடிவிட்டு, அரையிறுதியில் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்திருக்கும் மூத்த வீரரை இங்கே எல்லா மைதானத்திலும் பார்க்கலாம்.

பெரிய பெயர்களைக் கூட்டிச் சேர்த்தால் கிண்ணம் வந்துவிடாதா?

2003-04இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அப்படித்தான் எண்ணியது. ஷகீல் ஓனீலும் கோபி பிரையன்ட்டும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களோடு 40 வயதான கார்ல் மலோன், 35 வயதான கேரி பெய்ட்டன். மலோனுக்கு முழங்காலில் அடி. வழக்கமான பருவத்தில் பாதியளவு ஆட்டங்களை இழந்தார். பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்திப் பழகிய பெய்ட்டனுக்கு பந்து எல்லோர் கைக்கும் மாறிப் போகும் அந்த அணியின் முக்கோணத் தாக்குதல் முறை பொருந்தவில்லை. இறுதித் தொடரில் டெட்ரொயிட் பிஸ்டன்ஸ் 4-1 என வென்றது.

மறுபக்கம் ரே அலன். பொஸ்டனில் தொடக்க ஐவரில் ஆடியவர். 2012இல், 37ஆம் வயதில், மியாமி ஹீட் அணிக்குப் போனபோது அவருக்கு மாற்று வீரர் இடம்தான் கிடைத்தது. வேலை ஒன்றே ஒன்று: லெப்ரோன் ஜேம்ஸ் உள்ளே புகும்போது மூலையில் நின்று பந்தை வாங்கி எறிவது. 2013 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் மியாமி 92-95 எனப் பின்தங்கி நின்றது. இன்னும் சில விநாடிகளில் கிண்ணம் சான் அன்டோனியோவுக்கு. தவறிய எறிகையைக் கிறிஸ் பொஷ் பிடித்தார். அலன் பின்புறமாகவே அடியெடுத்து வலது மூலைக்கு நகர்ந்து, பந்தை வாங்கி எறிந்தார். 5.2 விநாடி இருக்கும்போது ஆட்டம் சமம். மேலதிக நேரத்தில் மியாமி 103-100 என வென்று, ஏழாம் ஆட்டத்தையும் எடுத்தது. பார்க்காமலே பின்னால் நகர்ந்து கோட்டுக்கு வெளியே கால் பதித்து எறிவதை அவர் ஆண்டுக்கணக்காகப் பயிற்சி செய்திருந்தார்.

இன்னொரு வகையும் உண்டு. கிறிஸ் போல் 35 வயதில் பீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு வந்தபோது அவருக்குச் சிறிய வேலை கொடுக்கவில்லை. முழு ஆட்டத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். பத்துப் பருவங்களாக, பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றைக் காணாத அந்த அணி 2021இல் இறுதித் தொடர் வரை போனது. அங்கே இளைஞர்கள் இருந்தார்கள், எறிகை இருந்தது. ஆட்டத்தை நடத்த ஆள்தான் இல்லை. ஆகவே உங்கள் அணியில் எது இல்லை என்பதைக் கணக்கெடுத்த பிறகு ஆளைத் தேடுங்கள். ஆள் கிடைத்தார் என்பதற்காக இடத்தை உண்டாக்க வேண்டாம்.

தடுப்பாட்டத்தில் அவர் ஓட்டையாகிவிட மாட்டாரா?

ஆகலாம். கல்முனையிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வரும் விவரமான அணி முதல் ஐந்து நிமிடத்திலேயே அவரைக் கண்டுபிடித்துவிடும். அவர் காவல் காக்கும் ஆளை ஸ்கிரீன் வைக்க அழைப்பார்கள், காவல் மாறும், அவர்களின் வேகமான பையன் முன்னால் உங்கள் மூத்தவர் தனியாக நிற்பார்.

இதற்குச் சில வழிகள் இருக்கின்றன. எதிரணியில் தூரத்திலிருந்து எறியாத ஒருவரை அவர் பொறுப்பில் விடலாம். ஸ்கிரீன் வரும்போது ஆளை மாற்றாமல் அவர் ஓரடி பின்வாங்கி வளையத்தைக் காக்கலாம். எனக்குப் பிடித்தது 2-3 வலயத் தடுப்பு: ஆளைக் காக்காமல், முன்னால் இருவரும் வளையத்தருகே மூவருமாக இடத்தைக் காப்பது. அதில் அவரைக் கீழ்வரிசையின் நடுவில் நிறுத்தினால் முழு மைதானமும் அவர் கண்ணுக்கு முன்னால் விரியும். வாய்க்கு வேலை கிடைக்கும், காலுக்குக் குறையும். வலயத்தை உடைப்பது 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியேயிருந்து வரும் எறிகை. ஆனால் நாம் ஆடுவதில் பெரும்பகுதி திறந்த வெளி மைதானங்களில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேர ஆட்டம் ஒன்றைப் பாருங்கள்: மூலையிலிருந்து எறிந்த பந்து எங்கே போகிறது என்று எறிந்தவருக்கே தெரியாது. அந்த மாதங்களில் வலயத் தடுப்புக்குக் காற்றும் ஒரு வீரர். உள்ளக அரங்குக்குப் போனால் இந்தச் சலுகை கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

தம்பிமார் எல்லோரும் பந்தை அவரிடமே கொடுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே இதுதான் முதல் பிரச்சினை.

வருகிறவர் “அண்ணா”. சில வேளை அவர் பாடசாலையில் இந்தப் பையன்களுக்குப் பழகக் கொடுத்திருப்பார், அப்படியானால் “சேர்”. அண்ணா கையை உயர்த்தினால் பந்தைக் கொடுக்காமல் இருக்க முடியாது. அவர் மேல் இரண்டு பேர் நின்றாலும் கொடுப்பார்கள். மறுபக்கம் தனியாக நிற்கும் நண்பன் கண்ணில் படமாட்டான். அண்ணா தவறவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. தம்பி தவறவிட்டால் நான்கு பேர் கத்துவார்கள். இரண்டு வாரத்தில் அந்த அணியின் நன்றாக எறியும் பையன் எறிவதையே நிறுத்திவிடுவான். இதில் மூத்தவரின் பிழை எதுவும் இருக்காது. அவர் பந்தைக் கேட்டிருக்கவே மாட்டார்.

சொல்லித் திருத்தும் விஷயம் இல்லை இது. “மரியாதை பார்க்காமல் ஆடுங்கள்” என்று சொன்னால் பையன்கள் தலையாட்டிவிட்டு அதையேதான் செய்வார்கள். பயிற்சியில் விதியாக்க வேண்டும். முதல் சில வாரப் பயிற்சி ஆட்டங்களில் மூத்தவர் பந்தைக் கொண்டுவரக் கூடாது. மற்ற நால்வரில் குறைந்தது இருவர் தொட்ட பிறகே அவருக்குப் பந்து வரலாம். இருவர் மறித்து நிற்கும்போது அவருக்குக் கொடுத்துப் பந்து பறிபோனால், கொடுத்தவர் உட்பட ஐந்து பேரும் ஒரு முழு நீளம் ஓட வேண்டும், அண்ணாவும் சேர்த்து. தன்னால் அண்ணா ஓடுகிறாரே என்ற வெட்கம் எந்த அறிவுரையையும்விட வேகமாக வேலை செய்யும்.

மூத்தவரும் தன் பங்கைச் செய்யலாம். முதல் சில ஆட்டங்களில் புள்ளி எடுப்பதைவிடப் புள்ளிக்கான பந்தைக் கொடுப்பதில் அவர் பெயர் எடுக்கட்டும். நல்ல எறிகையைத் தவறவிட்ட பையனிடம் அடுத்த முறையும் பந்தைக் கொடுத்து, “மனே, எறி” என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

பயிற்றுநர் அவரைவிட இளையவர். கண்டிக்க முடியுமா?

முடிய வேண்டும். ஒரே பாடசாலையில் மூன்று வகுப்புக் கீழே படித்தவர் இன்று பயிற்றுநர். அந்த மூப்பு இளமை நம் ஊரில் சாகும்வரை தொடரும். அதனால் முதல் பயிற்சிக்கு முன் இருவரும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை நிமிடம், எந்த வேலை, கூட்டத்துக்கு முன் எப்படிப் பேசுவது என்ற மூன்றும் அந்தப் பேச்சில் முடிந்துவிட வேண்டும். தேநீர்க் கடையில் பேசினாலும் சரி. மைதானத்தில் மட்டும் வேண்டாம்.

சிலர் மூத்தவரை ஒருபோதும் எல்லார் முன்னாலும் திருத்தக் கூடாது என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். முதல் வாரத்திலேயே ஒரு சிறு விஷயத்தில், காலடி பிழைத்தது போன்ற ஒன்றில், எல்லோர் முன்னிலையிலும் திருத்துங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் “சரி கோச்” என்று சொல்லி மறுபடி செய்வதைப் பையன்கள் பார்த்துவிட்டால், அந்தப் பருவம் முழுவதற்கும் பயிற்றுநரின் வேலை பாதியாகக் குறையும்.

அணியின் ஆட்டமுறைகளைப் பழக எவ்வளவு காலம் ஆகும்?

ஆட்டமுறைகள் ஒரு வாரத்தில் மனப்பாடமாகும். ஆட்கள் பழக இரண்டு மாதம் வேண்டும். வளையத்தருகே ஆடும் உங்கள் சென்டர் பந்தை மார்பு உயரத்தில் கேட்கிறாரா, தலைக்கு மேலா? பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பொயின்ட் கார்ட் இடப்பக்கம் தட்டிக்கொண்டு போனால் நிற்பாரா, தொடர்வாரா? இவை எந்தத் தாளிலும் இருக்காது. சுற்றுப்போட்டிக்கு முந்திய வாரம் வந்து சேருபவரிடம் மாயம் எதிர்பார்க்காதீர்கள்.

வேலை, குடும்பம் என்று பயிற்சிக்கு ஒழுங்காக வரமாட்டார். விடலாமா?

எல்லா நாளும் வர வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. எந்த நாள் வருவார் என்று முன்பே சொல்லும்படி கேட்பது நியாயம். வாரத்தில் இரண்டு நாள் என்றால் அந்த இரண்டு நாளும் நேரத்துக்கு முன் வர வேண்டும். வராத நாளில் மைதானத்தைச் சுற்றி ஓடினேன் என்று பிறகு சொல்வதில் பயனில்லை. பையன்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

சீமெந்துத் தரையும் வெயிலும் அவருக்கு ஒத்துவருமா?

கொழும்பில் மரத்தளத்தில் ஆடிப் பழகியவருக்கு முதல் மாதம் கடினமாகத்தான் இருக்கும். சீமெந்து அதிர்வை உள்வாங்குவதில்லை. அது முழுவதும் குதிகாலிலும் முழங்காலிலும் இறங்கும். வெளியே ஆடும் சப்பாத்தின் அடிப்பகுதி விரைவில் தேயும். தேய்ந்த சப்பாத்தோடு மாரி மழைக்குப் பிறகு ஈரத் தரையில் ஆடுவதுதான் எனக்குத் தெரிந்தவரை இடுப்பெலும்புக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம். மழை விட்டதும் பையன்கள் தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடத் தொடங்குவார்கள். மூத்தவர் அன்று எறிகை மட்டும் பழகட்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, கடலும் வாவியும் சூழ்ந்த ஊர் என்பதால் ஈரப்பதன் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாது, உடம்பு குளிராது. நீர் மட்டும் குடிப்பதைவிடத் தேசிக்காய்ச் சாற்றில் உப்பும் சிறிது சீனியும் சேர்த்துக் குடிப்பது நீண்ட ஆட்டங்களில் உதவும். இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பு விஷயத்தை வைத்தியரிடம் கேட்க வேண்டும். 35ஐத் தாண்டி, சில ஆண்டுகள் ஆடாமல் இருந்து திரும்புகிறவர் இதயத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. உடம்பைச் சூடாக்க 15 நிமிடமாவது எடுக்க வேண்டும். பையன்கள் வளையத்தடிக்கு ஓடி இரண்டு லே-அப் போட்டுவிட்டு ஆயத்தம் என்பார்கள். அவர்களைப் பார்த்து அவரும் செய்தால் குதிகால் தசைநாண் பதில் சொல்லும்.

மட்டக்களப்பில் மூத்தவர்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இங்கே கூடைப்பந்தாட்டம் கையிலிருந்து கைக்கு வந்தது. புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் அதை வளர்த்தார்கள். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபர்ட் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தலைமுறைகளைப் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை. நகரின் வெபர் மைதானம் தாங்கியிருக்கும் பெயரும் அவ்வாறு வந்த இன்னொரு துறவியான அருட்தந்தை வெபருடையதே.

போர்க்காலத்தில் கையேடோ காணொளியோ இருக்கவில்லை. மூத்தவர் காட்டியதை இளையவர் பார்த்துப் பழகினார். அதனால் வயதானவர் மைதானத்துக்கு வந்தால் ஒதுங்கி இடம் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான், போட்டி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் மட்டும் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

அவருக்காக ஓர் இளையவரை இருத்துவது நியாயமா?

தந்தையர் கேட்கும் கேள்வி. பதில் அந்த இளையவர் எப்படி இருத்தப்படுகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு சுற்றுப்போட்டி முழுவதும் எழும்பவே விடாமல் வைத்தால் அநியாயம். ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் குறைந்து, அதற்குப் பதிலாகப் பயிற்சியில் வாரம் இரண்டு நாள் அதே இடத்தில் ஆடும் ஒருவரிடம் நேரடியாகப் பழகக் கிடைத்தால், அந்தப் பையனுக்கு நட்டமில்லை. பயிற்றுநர் அவர்கள் இருவரையும் எப்போதும் எதிரெதிர் அணியில் விட வேண்டும். முதுகால் தள்ளி இடம் பிடிப்பது, மத்தியஸ்தர் எவ்வளவு தொடுகையை விடுகிறார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் அளப்பது போன்ற திருட்டு வித்தைகளை வேறெங்கும் கற்க முடியாது.

பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் நான்கு மூத்தவர்கள் என்றால் கதை வேறு. அது அணி இல்லை, பழைய மாணவர் ஒன்றுகூடல்.

பெண்கள் அணிக்கும் இவை பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அங்கே “மூத்தவர்” என்ற பட்டம் 26 வயதிலேயே விழுந்துவிடுகிறது. திருமணத்தோடு ஆட்டம் முடிந்தது என்று வீட்டிலும் கழகத்திலும் எண்ணிவிடுகிறார்கள். 30 வயதில் ஒரு பிள்ளையோடு திரும்பி வரும் அக்காவின் உடம்பு ஆண்களின் 37 போல இருக்காது. அவரிடம் இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. பேறுக்குப் பிறகு ஓடவும் எழும்பவும் தொடங்கக் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது இயன்மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. இடுப்புத்தள தசைகள் தேறிவிட்டனவா என்று பார்த்த பிறகே முழு ஆட்டம்.

அவர் அணியில் பொருந்துவதைத் தடுப்பது பெரும்பாலும் ஆட்டம் இல்லை, நேரம். பயிற்சி இருட்டும்வரை நீண்டால் வரமாட்டார். நான்கரைக்குத் தொடங்கி ஆறுக்குள் முடித்தால், பிள்ளையை மைதான ஓரத்தில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால், வருவார். இதைச் செய்யாத கழகம், அனுபவமுள்ள வீராங்கனைகள் இல்லை என்று குறை சொல்லக் கூடாது.

மூவர் ஆட்டத்தில் மூத்தவர் சோபிப்பாரா?

பாதி மைதானம்தானே, ஓட்டம் குறைவு என்று எண்ணி ஏமாற வேண்டாம். 3x3 ஆட்டம் பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. எறிகைக் கடிகாரம் 12 விநாடி. பந்து வளையத்தில் விழுந்த மறு கணமே ஆட்டம் தொடர்கிறது, மூச்சு வாங்க இடைவெளி இல்லை. மாற்று வீரர் ஒருவர்தான். மூத்தவருக்குச் சாதகமான அம்சம், பயிற்றுநர் வெளியிலிருந்து வழிநடத்த விதி இடம் தருவதில்லை என்பது. உள்ளே யோசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கும் அணி அங்கே ஓங்கும். நான்காவது ஆளாக அவரை வைத்து ஒன்றரை, இரண்டு நிமிடத் துண்டுகளாக இறக்கலாம்.

சரிப்பட்டு வருகிறதா என்று எதை வைத்துக் கணக்கிடுவது?

அவர் எடுத்த புள்ளிகளை வைத்து வேண்டாம். புள்ளித்தாளில் இன்னொரு நிரலை வரைந்து, அவர் உள்ளே போனபோது இரு அணியும் எத்தனை, வெளியே வந்தபோது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறேழு ஆட்டத்தில் ஒரு சாயல் தெரியும். அவர் நான்கே புள்ளி எடுத்து அணி ஒன்பது புள்ளி முன்னேறிய நிமிடங்களும், அவர் பதினான்கு எடுத்து அணி பின்தங்கிய நிமிடங்களும் அதில் வெளிவரும். இரண்டாவது வகை தொடர்ந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பழைய கழகத்துக்கு எதிராக ஆட்டம் வந்தால்?

இறக்குங்கள். எதிரணி வீரர்களின் பலவீனம் அவருக்குத் தெரியும் என்பதற்காக மட்டும் இல்லை. இருத்தி வைத்தால் இரு பக்கமும் சந்தேகம் வரும். முதல் இரண்டு எறிகையும் அவசரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பழைய 7ஆம் இலக்கத்தை இங்கே ஒரு தம்பி அணிந்திருக்கிறார். விட்டுக்கொடுக்கச் சொல்லலாமா?

கூடாது. தம்பி தானாக விட்டுக்கொடுக்க வந்தாலும் வாங்கக் கூடாது. 0, 00, பிறகு 1 முதல் 99 வரை எந்த இலக்கத்தையும் அணிய ஃபிபா விதி இடம் தருகிறது. வேறொன்றைத் தெரிவு செய்யட்டும்.